சாட்சித் திட்டு

உள் தணிக்கை அலுவலர் ஜாஃபர் சாதிக்கைக் கண்டு பயப்படும் ஜீவன் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்: அவர் வீட்டுப் பூனை. அதுவும் மிதித்துவிடுவாரோ என்ற பயம். வெளியூரிலிருந்து தணிக்கைக்காரர்கள் வந்தால் அலுவலகத்தில் நாற்காலி துடைப்பார்கள், தட்டில் முந்திரி வரும். சாதிக் அதே துறையில் சம்பளம் வாங்கிக்கொண்டு அதே துறையின் குற்றத்தைப் பார்க்கிறவர். குழம்பில் உப்பு இல்லை என்று வீட்டோடு மாப்பிள்ளை சொன்னால் என்ன மதிப்போ, அந்த மதிப்புதான் அவருடைய அறிக்கைக்கும்.

ஆனாலும் அன்று கீழ்வேளூரைத் தாண்டி ஜீப் மண்சாலையில் இறங்கியபோது அவர் கைக்கடிகாரத்தை இரண்டு முறை பார்த்துவிட்டார். காரணம் தண்ணீர். மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி, தண்ணீர் பக்கத்து ஆறு வரை வந்துவிட்டது. மறுநாள் காலை நரியன் வாய்க்காலின் தலைமதகைத் தூக்கப் போகிறார்கள். தூக்கிவிட்டால் அந்த வாய்க்காலைத் தூர்வாரினார்களா, தூர்வாரியதாகச் சொன்னார்களா என்பதை அல்லாஹ்வைத் தவிர யாரும் அறிய முடியாது. பில் பாஸாகிவிடும். வாய்க்காலின் கடைசியில், கடைமடையில் இருக்கும் வெள்ளிக்கோட்டகம் போன வருஷத்தைப் போலவே காய்ந்து கிடக்கும். அங்கே போர் போட்டாலும் பிரயோசனமில்லை. கடல் பக்கம் என்பதால் உப்புத் தண்ணீர்தான் வரும். ஆற்றுத் தண்ணீர் வந்தால் குறுவை, வராவிட்டால் வெறும் தரை.

வெள்ளிக்கோட்டகத்தின் பாசன சங்கத் தலைவி மேகலா இதையெல்லாம் எழுதி மனு போட்டிருந்தாள். மாமனார் காலத்தில் அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்ற குடும்பம் அது. அவள் காலத்தில்தான் சொந்தமாக நிலம் வாங்கினார்கள். அந்த மனு தஞ்சாவூரில் மேசை மேசையாகச் சுற்றியது. யாருக்கும் வேண்டாத மனு என்பதால் எல்லா மேசையும் தாண்டிக் கடைசியில் சாதிக்கின் மேசைக்கு வந்தது. அவருடைய மேசை அந்த அலுவலகத்தின் கடைமடை.

காலையில் கிளம்பும்போது மனைவி ஹாஃபிஸா வாசல் வரை வந்து, வாய்க்காலில் இறங்குகிறவர் புதுத் தோல் செருப்பைப் போட்டுக்கொண்டு போகவேண்டாம் என்று தடுத்து, குளியலறைக்குப் போட்டுப் போகும் நீல ரப்பர் செருப்பை எடுத்து வைத்தாள். ஆக, அரசாங்கத்தின் கண் என்று சொல்லத்தக்க ஓர் அதிகாரி குளியலறைச் செருப்போடு ஆய்வுக்கு வந்திருந்தார்.

பாலத்தடியில் உதவிப் பொறியாளர் இராஜாங்கம் காத்திருந்தார். சாதிக்கைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார். அதுதான் சாதிக்குக்குப் பயமாக இருந்தது. விரோதி இருக்கும் இடத்தில் தணிக்கை செய்வது சுலபம். மயிலாடுதுறையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இருவரும் ஒரே அறையில் இருந்தவர்கள். நோன்பு மாதம் முழுக்க, கடிகாரம் அடித்தாலும் எழுந்திருக்காத சாதிக்கை, விடியுமுன் சாப்பிடும் சகருக்கு உலுக்கி எழுப்பி, தானே அடுப்பு பற்றவைத்துச் சோறு சுடவைத்துக் கொடுத்தவர் இராஜாங்கம். அப்படிப்பட்டவர் எழுதிய அளவை இன்றைக்கு நம்பாமல் பார்க்க வேண்டும்.

பாலத்துக்குப் பக்கத்தில் நாவல் மரத்து நிழலில் ஒப்பந்தக்காரர் ரெத்தினத்தின் பொக்லைன் நின்றது, அதில் சாய்ந்துகொண்டு அவரும் நின்றார். வேலை முடிந்துவிட்டது, ஏற்றிப் போக லாரி வரவேண்டியதுதான் பாக்கி என்றார் இராஜாங்கம். பாலத்தின் மேலிருந்தே எல்லாம் தெரிகிறதே, கீழே இறங்கி எதற்கு வெயிலில் வாடவேண்டும் என்றும் சொன்னார்.

பாலத்தின் மேலிருந்து வாய்க்கால் அழகாகத்தான் இருந்தது. நடுவில் வரிசையாகச் சாட்சித் திட்டுகள். மண் வெட்டும்போது அங்கங்கே ஒரு பானையளவு இடத்தைத் தொடாமல் விட்டுவிட வேண்டும் என்பது பழைய வழக்கம். வெட்டுவதற்கு முன்னால் தரை எங்கே இருந்தது என்பதற்கு அந்தத் திட்டின் தலைதான் சாட்சி. தலையிலிருந்து அடித்தரை வரை நாடாவைப் பிடித்தால் எவ்வளவு ஆழம் வெட்டினார்கள் என்று தெரிந்துவிடும். இந்தக் காலத்தில் பாதிப்பேர் விடுவதில்லை. ரெத்தினம் விட்டிருந்தார். ஒழுங்காக, தலையில் அருகம்புல்லோடு, கண்ணுக்கெட்டிய தூரம் வரை.

சாதிக் இறங்கி முதல் திட்டை அளந்தார். இரண்டாவதை அளந்தார். மூன்றாவதை அளந்து போட்டோவும் எடுத்தார். எல்லாம் ஒரே உயரம். விரற்கடை கூட வித்தியாசமில்லை.

அங்கேதான் அவருக்கு இடித்தது. தூர்ந்துபோன வாய்க்காலின் தரை மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும். உண்மையாக வெட்டியிருந்தால் ஒரு திட்டு இடுப்பளவும் இன்னொன்று முழங்காலளவும் நிற்க வேண்டும். இவையோ ஒரே தட்டில் வார்த்த இட்லி மாதிரி இருந்தன. குழியை ஆழப்படுத்தினாலும் ஆழம் கூடும், வழித்த மண்ணை அள்ளிச் சாட்சியின் தலையில் வைத்தாலும் ஆழம் கூடும். இரண்டாவதற்கு டீசல் குறைவு. முப்பது வருஷ வேலையில் அவர் பார்த்த அலுவலகங்களில் பாதி இப்படித்தான் நடந்தன. வேலையை யாரும் தொடுவதில்லை, சாட்சியை வளர்த்துவிடுவார்கள்.

ஆனால் சந்தேகத்தை வைத்துப் பில்லை நிறுத்த முடியாது. திட்டை உடைத்துப் பார்க்கவேண்டும். உள்ளே பழைய களிமண் இருந்தால் யோக்கியம். மேலே போட்ட பொலபொல மண் இருந்தால் பித்தலாட்டம். ஒரு கடப்பாரை கிடைக்குமா என்று கேட்டார்.

இராஜாங்கம் ரெத்தினத்தைப் பார்த்தார். ரெத்தினம் ஆகாயத்தைப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே, பாய்க்காக நாகப்பட்டினத்திலிருந்து கொடுவா மீன் வாங்கிவரச் சொல்லிக் குழம்பு வைத்திருப்பதாகவும், சாப்பிட்டு முடிப்பதற்குள் கடப்பாரை வந்துவிடும் என்றும் சொன்னார்.

சாதிக்கின் நேர்மையைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. அவருடைய நாக்கைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. தண்ணீர் நாளைக்குத்தானே என்று மனசைச் சமாதானம் செய்துகொண்டு கரையோரம் ரெத்தினம் போட்டிருந்த கொட்டகைக்குள் போய் உட்கார்ந்தார்.

சாப்பிடும்போது இராஜாங்கம் மீன் சட்டியை அவர் பக்கம் தள்ளி வைத்தார். இந்த மாதக் கடைசியோடு தனக்கு ஓய்வு என்று சொன்னார். மாலை, கேடயம், வேனில் வரப்போகும் சொந்தக்காரர்கள் எல்லாம் முடிவாகிவிட்டதாம். இந்த நேரத்தில் ஒரு தணிக்கைத் தடை விழுந்தால் மாலை போடவேண்டிய அன்றைக்குத் தற்காலிகப் பணிநீக்க உத்தரவைக் கையில் கொடுப்பார்கள். துறையில் அப்படி எத்தனையோ பேர். சாதிக் இரண்டாவது துண்டு மீனை வேண்டாம் என்றார்.

கை கழுவக் கொட்டகையின் பின்பக்கம் போனவர், முன்னாலேயே எழுந்து போயிருந்த இராஜாங்கத்தின் குரலைக் கேட்டார். வைக்கோல் படப்புக்கு அந்தப் பக்கம் நின்று, மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு வேணாம்ப்பா. இப்பவே தூக்கிடு. நான் சொன்னேன்னு தூக்கு."

சாதிக் சொம்புத் தண்ணீரைக் கையில் ஊற்றிக்கொண்டே நின்றார். கை எப்போதோ சுத்தமாகிவிட்டது.

அவர் முன்பக்கம் வருவதற்குள் மேகலா ஒரு மொபட்டில் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நின்றாள். ஆய்வைப் பார்க்க வந்துகொண்டிருந்த வழியிலேயே பாசன சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் மதகு தூக்கிய படம் வந்துவிட்டதாம். அவள் முகத்தில் சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை. கோடைமழையை நம்பி விதைத்த நாற்றங்கால் வெடித்துக் கிடக்கிறது, இன்னும் இரண்டு நாள் போனால் நாற்று கருகிவிடும் என்றாள்.

சாதிக் இராஜாங்கத்தின் மேலதிகாரிக்குப் போன் போட்டார். அவர் குரலை உயர்த்தவே இல்லை. தணிக்கை கேட்டுக்கொண்டதாக எழுதிக் கொடுத்தால் மதகை இந்த நிமிஷமே இறக்கச் சொல்கிறேன் என்றார். ஆனால் எல்லா வாய்க்காலுக்கும் முறை வைத்துத் தண்ணீர் விடும் நேரம் இது. இறக்கினால் நரியன் வாய்க்காலின் முறை போய்விடும், தண்ணீர் பக்கத்து வாய்க்காலுக்குத் திரும்பிவிடும், அடுத்த முறை வர ஒரு வாரம் ஆகும். ஜனங்கள் கேட்டால் ஆடிட்காரர் நிறுத்தினார் என்றுதான் சொல்வேன். யோசித்துச் சொல்லுங்கள்.

முப்பது வருஷத்தில் முதல்முறையாக ஜாஃபர் சாதிக்கின் கையில் அதிகாரம் என்ற ஒன்று வந்து விழுந்திருந்தது. கொதிக்கிற பால் சட்டியைத் துணியில்லாமல் பிடித்த மாதிரி இருந்தது. மேகலா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நிறுத்துனா எங்க நாத்து போயிரும் சார்," என்றாள். "நிறுத்தலைன்னா நீங்க வந்ததே வீணு. எதச் செய்யச் சொல்லி நான் உங்ககிட்ட கேக்குறது, சொல்லுங்க."

சாதிக் நிறுத்த வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டு வைத்தார். தலைமதகிலிருந்து இங்கே வர எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார். காய்ந்த தரை, குடித்துக் குடித்துத்தான் விடும், ஒரு மணி நேரம் போல ஆகும் என்றாள். அப்படியானால் நீங்கள் கடைமடைக்குப் போய் நில்லுங்கள், தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் போன் செய்யுங்கள் என்று அவளை அனுப்பிவைத்தார்.

அரை மணிக்கு மேல் பார்த்தும் கடப்பாரை வரவில்லை. வராது என்று அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. ஜீப்பின் ஜாக்கிக் கம்பியை உருவிக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கினார்.

பாலத்துக்குப் பக்கத்திலிருந்த முதல் திட்டில் கம்பியைக் குத்தினார். ணங்கென்றது. நல்ல களிமண். இரும்பு மாதிரி இருந்தது. அவருக்கு ஒரு கணம் நெஞ்சு குளிர்ந்தது. இராஜாங்கம் அண்ணன் நேர்மையாகத்தான் செய்திருக்கிறாரோ? ஆனால் அதிகாரிகள் எல்லாரும் பாலத்தின் மேலிருந்துதானே பார்ப்பார்கள், இந்த ஓர் இடத்தை யாரும் ஏமாற்றமாட்டார்களே என்று உடனே தோன்றியது. நடு வாய்க்காலுக்குப் போகவேண்டும். வளைவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் திட்டுகளை உடைத்துப் பார்க்கவேண்டும்.

நடந்தார். பிறகு ஓடினார். ஓடினார் என்பது அவருடைய அபிப்பிராயம். கரையில் மேய்ந்த ஆடு ஒன்று அவரைப் பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் மறுபடியும் மேயத் தொடங்கியது. வழித்து விட்ட மண் காலுக்கடியில் வழுக்கியது. தொந்தி ஒரு பக்கமும் மூச்சு ஒரு பக்கமும் இழுத்தன. கரையின் மேல் இராஜாங்கம் அவருக்கு இணையாக நடந்து வந்துகொண்டிருந்தார். நிற்கச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை.

வளைவு திரும்பி முதல் திட்டுக்குப் பத்தடி இருக்கும்போது, ஊற்று கசிந்து சேறாகிக் கிடந்த இடத்தில் இடது கால் புதைந்தது. இழுத்தார். கால் வந்தது, செருப்பு வரவில்லை. குனிந்து தேடியதில் வலது காலும் போய் முழங்கால் மடிந்து உட்கார்ந்துவிட்டார். ஜாக்கிக் கம்பி கையை விட்டுச் சேற்றுக்குள் போனது.

அப்போது சத்தம் கேட்டது. பெரிய சத்தமில்லை. காய்ந்த இலையை யாரோ பெருக்கித் தள்ளுவது போல ஒரு சரசரப்பு. திரும்பிப் பார்த்தார். வளைவில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. முகத்தில் நுரையும் வைக்கோலும் சருகும் சுமந்துகொண்டு, முன்னால் எறும்பும் பூச்சியும் தவளையும் உயிர் பிழைக்க ஓட, தரையின் வெடிப்புகளுக்குள் புகுந்து குமிழி விட்டுக்கொண்டு வந்தது. தண்ணீருக்கு அவசரமே இல்லை. அதனாலேயே பயமாக இருந்தது.

"கையக் குடு தம்பி."

இராஜாங்கம் கரைச் சரிவில் மண்டிபோட்டு, ஒரு கையால் ஆவாரஞ்செடியைப் பிடித்துக்கொண்டு மறுகையை நீட்டியிருந்தார். சாதிக் அந்தக் கையைப் பிடித்தார். சேறு ஒரு சத்தத்தோடு அவரை விட்டது. இரண்டு பேரும் கரைமேல் மல்லாந்து விழுந்து மூச்சு வாங்கினார்கள். கீழே தண்ணீர் திட்டுகளைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறியது.

"முடிஞ்சுபோச்சு," என்றார் இராஜாங்கம். ஜெயித்தவர் குரல் போல இல்லை. "மேலேருந்து சொன்னாங்க தம்பி. ரெத்தினம் யாரோட ஆளுன்னு உனக்கே தெரியும். ஒரு மாசம் கண்ண மூடிக்கிட்டா வீட்டுக்குப் போயிறலாம்னு பாத்தேன்."

சாதிக் எழுந்து உட்கார்ந்தார். அவர் கண் வாய்க்காலில் இருந்தது. பக்கத்திலிருந்த திட்டின் இடுப்பில் ஒரு கீறல் விழுந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் ஒரு பக்கம் டீயில் நனைத்த வர்க்கி மாதிரி உப்பி, கரைந்து, சரிந்தது. தலையிலிருந்த அருகம்புல் தொப்பி போலக் கழன்று மிதந்து போனது. அடுத்த திட்டு. அதற்கடுத்தது. பூமியில் பிறந்த களிமண் தண்ணீர் பட்ட அரை மணியில் கரையாது, நாள் கணக்கில் நிற்கும். வாரிப்போட்ட மண்தான் கரையும். கம்பியால் தான் செய்ய நினைத்ததைத் தண்ணீர் ஒவ்வொன்றாகச் செய்துகொண்டு போனது. எதை அழிப்பதற்காக அதைத் திறந்துவிட்டார்களோ, அதையே அது திறந்து காட்டிக்கொண்டிருந்தது.

சாதிக் சேற்றுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.  படம் பிடிப்பதற்கு முன் ஒருமுறை இராஜாங்கத்தைப் பார்த்தார். நோன்புக் காலத்து அந்த அறை, அடுப்பின் வெளிச்சம், எழுந்திருடா என்று உலுக்கிய கை, எல்லாம் அந்த முகத்தில் இருந்தன. வெள்ளிக்கோட்டகத்து நாற்றங்கால் அதில் இல்லை. அதையும் யாராவது நினைக்க வேண்டுமே.

"எடு," என்றார் இராஜாங்கம், முகத்தைத் திருப்பிக்கொண்டு. "உன் வேலைய நீ பாரு."

சாதிக் எடுத்தார். கரைகிற திட்டுகளை எடுத்தார். ஒற்றைச் செருப்போடு பாலம் வரை நடந்து, தண்ணீருக்கு நடுவில் அசையாமல் நின்ற முதல் திட்டையும் எடுத்தார். அது ஒன்றுதான் உண்மை. மற்றவை எல்லாம் அதன் உயரத்தைப் பார்த்துச் செய்த போலிகள்.

திரும்பி வரும்போது தண்ணீரின் போக்கு மாறியிருந்தது. முன்னால் போகவில்லை, மேலே ஏறிக்கொண்டிருந்தது. வளைவுக்கு அந்தப் பக்கம் மண் வெட்டாமல் விட்ட மேடு அணை மாதிரிக் குறுக்கே கிடந்தது. தண்ணீர் அதில் முட்டி, தேங்கி, கரை தாழ்ந்த இடத்தில் ஒரு தரிசுக்குள் வழியத் தொடங்கியிருந்தது. போன் அடித்தது. மேகலா.

"வரல சார்," என்றாள். அவ்வளவுதான். பிறகும் அவள் வைக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

சாதிக் போனை இராஜாங்கத்திடம் நீட்டினார். இராஜாங்கம் அந்த மூச்சைக் காதில் வைத்துக் கேட்டார்.  பிறகு "நில்லும்மா, அங்கேயே நில்லு," என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாவல் மரத்தைப் பார்த்து நடந்தார்.

ரெத்தினம் பொக்லைன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மிஷினை எடு, மேட்டைக் கரையிலிருந்தே வெட்டு என்றார் இராஜாங்கம். டீசல் இல்லை, ஆபரேட்டர் சாப்பிடப் போயிருக்கிறான், தண்ணீரில் வெட்டினால் வாளி கெட்டுவிடும், வேலைதான் முடிந்துவிட்டதே என்று ரெத்தினம் வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் யாருக்குப் போன் போடவேண்டுமோ அவருக்குப் போடட்டுமா என்று சிரித்தார்.

"போடு," என்றார் இராஜாங்கம். "கடைசி அளவுல நான் இன்னும் கையெழுத்துப் போடல. இனிமே போடுறதா இருந்தா பூமி எங்க இருக்கோ அங்கதான் போடுவேன். மிஷின எறக்கு."

ரெத்தினம் நிஜமாகவே போன் போட்டார். போட்ட இடத்தில் எடுக்கவில்லை. வெள்ளம் வருமென்று தெரிந்தால் மேட்டில் இருப்பவர்கள் போனை எடுப்பதில்லை. அவர் மறுபடியும் மறுபடியும் போட்டுப் பார்த்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஆபரேட்டரைக் கூப்பிட்டார்.

பொக்லைன் கரையோரம் உறுமிக்கொண்டு போய் மேட்டின் முதுகில் வாளியை இறக்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. இரண்டு பேரும் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாளி வாளியாகப் பழைய மண் கறுப்பாக வெளியே வந்தது.

"நடந்தத எழுதுவேன்ணே," என்றார் சாதிக். "நீங்க மதகத் தூக்கச் சொன்னதையும் எழுதணும். இதையும் எழுதுவேன்."

"எது மொதல்ல வரும்?"

"நடந்த வரிசைல."

"அப்ப என் நல்லது கடைசிலதான் வரும்."

"மேல இருக்கறவங்க கடைசிப் பக்கத்தத் தவிர எதையும் படிக்கறதில்லண்ணே."

இராஜாங்கம் சிரிக்கப் பார்த்தார். பாதியில் அது வேறு ஏதோ ஆகிவிட்டது. மாலைக்குச் சொல்லி வைத்த பூக்காரனுக்கு முன்பணம் கொடுத்துவிட்டேனே என்று மட்டும் சொன்னார். சாதிக் அவர் தோளில் கை வைத்தார். கரையில் ஊன்றியிருந்த அந்தக் கையில் ஈரச் சேறு இருந்தது. சட்டையில் ஐந்து விரலும் பதிந்தன. இரண்டு பேரும் அதைத் துடைக்கவில்லை.

மேடு உடைந்ததும் தேங்கிய தண்ணீர் ஒரே மூச்சில் இறங்கியது. சாதிக் ஜீப்பில் ஏறி, கரைச் சாலையிலேயே அதற்குமுன் கடைமடைக்குப் போய்விட்டார். வெள்ளிக்கோட்டகத்தில் மேகலாவோடு இன்னும் சில பேர் வாய்க்காலின் வாயில் நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் அவரை வரவேற்கவில்லை. எல்லார் கண்ணும் வாய்க்காலின் அந்தக் கோடியில் இருந்தது. அவரும் ஓரமாக, வெறும் இடது காலைப் புல்லில் ஊன்றிக்கொண்டு நின்றார்.

இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் சரசரப்புக் கேட்டது. நுரை, வைக்கோல், சருகு, வேரோடு ஓர் அருகம்புல் தொப்பி. ஒருவன் மண்வெட்டியோடு ஓடிப்போய் நாற்றங்கால் வரப்பைத் திறந்தான். தண்ணீர் உள்ளே போகும்போது வெடித்த மண் ஸ்ஸென்று மூச்சு விட்டது. யாரும் கத்தவில்லை. ஒரு கிழவர் மட்டும் குனிந்து ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார், உப்பு இல்லையென்று தலையாட்டினார்.

தண்ணீருக்குக் கொஞ்சம் பின்னால், சேற்றை அப்பிக்கொண்டு, ஒரு நீல ரப்பர் செருப்பு ஆடி ஆடி மிதந்து வந்தது. மேகலா சேலை நனைய இறங்கி அதை எடுத்து, தண்ணீரில் அலசி, சாதிக்கின் காலடியில் வைத்தாள்.

"உங்க ஆடிட்டும் கடைமடைக்கு வந்து சேந்துருச்சு சார்," என்றாள்.

சாதிக் செருப்பைப் போட்டுக்கொண்டார். நனைந்திருந்தது. ஹாஃபிஸா கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தார். பிறகு இராஜாங்கத்துக்குப் போன் செய்து, காதில் வைக்காமல், தண்ணீர்ச் சத்தம் கேட்கும்படி வாய்க்காலுக்கு மேலே நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.